பழைய கணினியை விற்குமுன் சொந்தத் தகவல்களை முழுமையாக அழிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகள் பல நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விலைக்குப் போகின்றன. வாங்குபவருக்குக் கணினி போய்ச் சேர வேண்டும். அதில் இருந்த நம் வாழ்க்கை போகக் கூடாது. அதற்குச் செய்ய வேண்டியவை இங்கே கேள்வி பதிலாகத் தரப்பட்டுள்ளன.

கோப்புகளையெல்லாம் டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். அது போதாதா?

போதாது. ஒரு கோப்பை அழிக்கும்படி நீங்கள் சொன்னதும், விண்டோஸ் அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைத் துடைப்பதில்லை. எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று தான் வைத்திருக்கும் பதிவேட்டில், 'இந்த இடம் இனி காலி' என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. பட்டாவில் பெயரை அடித்துவிட்டதால் வீடு இடிந்துவிடுவதில்லை அல்லவா? அதே இடத்தில் வேறொரு கோப்பு எழுதப்படும் வரை பழைய தகவல் அங்கேயே கிடக்கும். பெரிய வட்டில் அது பல மாதங்கள், சில சமயம் பல ஆண்டுகள்கூடக் கிடக்கலாம்.

பார்மட் செய்துவிட்டால்?

எந்த பார்மட் என்பதைப் பொறுத்தது. 'குவிக் பார்மட்' என்பது சில நொடிகளில் முடிந்துவிடும். அது புதிய காலிப் பதிவேடு ஒன்றை எழுதுவதோடு நின்றுவிடுகிறது. 'குவிக்' என்ற இடத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டுச் செய்யும் முழு பார்மட், விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அந்தப் பகுதி முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. அதற்கு முந்தைய எக்ஸ்பியில் முழு பார்மட்கூடப் பழுதான இடங்களைத் தேடிப் பார்த்ததே தவிர எதையும் துடைக்கவில்லை. 'பார்மட் போட்டாலும் எடுத்துவிடலாம்' என்று இன்றும் பலர் சொல்வதற்கு அந்தக் காலத்து அனுபவமும் ஒரு காரணம்.

குவிக் பார்மட் எவ்வளவு பலவீனமானது என்பதை நேரில் பார்த்துவிட்டால் பிறகு யாரும் அதை நம்ப மாட்டார்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலை, குவிக் பார்மட் செய்த ஒரு ஹார்ட் டிஸ்க்கின்மீது ஓடவிடுங்கள். அது பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. வட்டை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், ஜேபெக் படமோ பிடிஎஃப் கோப்போ எந்த எழுத்துகளோடு தொடங்கும் என்பதை வைத்து அவற்றைக் கண்டுபிடித்து எடுக்கிறது. மீண்டு வரும் கோப்புகளுக்குப் பழைய பெயர் இருக்காது; 'எஃப்' என்ற ஆங்கில எழுத்தும் அதன்பின் நீண்ட எண்ணுமாக வரிசையாக வந்து விழும். ஆனால் அந்த எண்ணைத் திறந்தால் உள்ளே திருமணப் புகைப்படமும், ஸ்கேன் செய்த ரேஷன் அட்டையும், கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தமும் முழுதாக இருக்கும். இதற்குத் தொழில்நுட்பப் படிப்போ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை.

என்னுடைய பழைய கணினியை யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

பெரும்பாலான வாங்குபவர்கள் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் கணினி ஒரு கையோடு நிற்பதில்லை. ஏஜென்டு, பழுது பார்க்கும் கடை, உதிரிப் பாகம் பிரிப்பவர் என்று கை மாறிக்கொண்டே போகும். அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் ஆய்வாளர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158-ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இயங்கும் நிலையில் இருந்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்களும் மருத்துவக் குறிப்புகளும் சொந்தக் கடிதங்களும் கிடைத்தன. ஒரு வட்டு ஏடிஎம் இயந்திரம் ஒன்றிலிருந்து வந்ததாகத் தெரிந்தது.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனம், தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான்களை இடம்மாற்றித் தரும் நிறுவனம் ஒன்றிடம் பழைய சர்வர்களையும் ஹார்ட் டிஸ்க்குகளையும் ஒப்படைத்தது. அவற்றில் பல, வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்துக்குப் போய்விட்டன. 2022 செப்டம்பரில் அந்நாட்டுப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் விதித்த 3.5 கோடி டாலர் அபராதத்தை அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

நம் வீட்டுக் கணினியில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஆதார், பான் அட்டை நகல்கள், பாஸ்புக்கின் முதல் பக்கம், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், உலாவியில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கும். தரவிறக்கிய இ-ஆதார் கோப்புக்குப் பாஸ்வேர்டு உண்டே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பாஸ்வேர்டு என்பது ஊரறிந்த செய்தி, அவ்விரண்டும் அதே வட்டில் வேறு பத்துக் கோப்புகளில் இருக்கும்.

அழிக்கத் தொடங்குமுன் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில், வேண்டியவற்றை வெளி வட்டிலோ மேகச் சேமிப்பிலோ நகலெடுங்கள். எடுத்த நகலை வேறொரு கணினியில் செருகிச் சில கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். அழித்தபின் நகல் திறக்கவில்லை என்றால் அதைச் சரிசெய்ய யாராலும் முடியாது. நன்றாக அழிப்பதன் பொருளே அதுதான்.

அடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறுவது. இதில் வரிசை முக்கியம், பலர் வழுக்கி விழும் இடமும் இதுவே. குரோமில் உங்கள் கணக்கு ஒத்திசைவில் இருக்கும்போது சேமித்த பாஸ்வேர்டுகளை அழித்தால், அவை உங்கள் கைபேசியிலிருந்தும் மறைந்துவிடும். ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கும் படங்களை டெலீட் செய்தால் மேகத்தில் இருக்கும் பிரதியும் போய்விடும். ஆகவே ஒவ்வொன்றாக அழிக்க முற்படாமல், முதலில் கணக்கைத் துண்டியுங்கள். பிறகு வட்டு முழுவதையும் ஒரே வீச்சில் துடையுங்கள். அப்படித் துடைக்கும்போது தனித்தனிக் கோப்புகளைத் தேடி அழிக்க வேண்டிய வேலையே இருக்காது.

மென்பொருள் உரிமங்களையும் கவனியுங்கள். டாலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் உரிமத்தை அந்தக் கணினியிலிருந்து 'சரண்டர்' செய்த பிறகே வட்டைத் தொட வேண்டும். இல்லையென்றால் புதிய கணினியில் அதை இயக்குவதற்கு அலைய நேரிடும். டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைக் கணினியிலேயே நிறுவி வைத்திருந்தால் அதற்கும் வழி செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலைத் திறந்து, பழைய கணினியை நீக்கிவிடுங்கள்.

என் கணினியில் இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டுகளில் தகவலை எழுதும் வட்டு; எஸ்எஸ்டி நினைவகச் சில்லுகளில் எழுதுவது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க் என்பதைச் சொடுக்கினால் வகை தெரியும். இரண்டும் இருக்கும் கணினிகளும் உண்டு. வேகத்துக்காகப் பிற்பாடு எஸ்எஸ்டி போட்ட மடிக்கணினிகளில், டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கும். அதை மறந்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். வகை எது என்று தெரிந்த பிறகே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கை எப்படித் துடைப்பது?

சுழலும் ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை, தொடக்கம் முதல் கடைசி வரை புதிதாக எதையாவது எழுதிவிட்டால் பழையது போய்விடும். விண்டோஸிலேயே உள்ள டிஸ்க்பார்ட் என்ற கருவியில் 'கிளீன்' என்ற கட்டளை, வட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை மட்டும் நீக்கும். 'கிளீன் ஆல்' என்ற கட்டளை வட்டின் ஒவ்வொரு பிரிவிலும் பூஜ்யத்தை எழுதும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆனால் அந்தக் கருவி 'நிச்சயமாகவா?' என்று திருப்பிக் கேட்காது. எந்த எண்ணுள்ள வட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதை, அதன் கொள்ளளவைப் பார்த்து இரண்டு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். நகலெடுத்து வைத்த வெளி வட்டை அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தான் உட்கார்ந்திருக்கும் வட்டைத் தானே துடைக்க இயலாது. அதற்குக் கணினியைப் பென் டிரைவிலிருந்து தொடங்க வேண்டும். ஷ்ரெட்ஓஎஸ் என்ற இலவச அமைப்பைப் பென் டிரைவில் ஏற்றித் தொடங்கினால், என்வைப் என்ற துடைக்கும் நிரல் திறக்கும். எழுதி முடித்ததும் அதுவே திரும்பப் படித்துச் சரிபார்க்கவும் செய்யும். வழக்கமான 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்று எழுத ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். மடிக்கணினி என்றால் சார்ஜரில் மாட்டிவிட்டு, தூக்க நிலைக்குப் போகாதபடி அமைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

ஏழு முறை, 35 முறை எழுத வேண்டும் என்கிறார்களே?

35 என்ற எண் பீட்டர் குட்மேன் 1996-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அன்று புழக்கத்தில் இருந்த பலவகை வட்டுகள் தகவலை வெவ்வேறு முறைகளில் காந்தப் புள்ளிகளாக மாற்றி எழுதின. வட்டு எந்த வகை என்று தெரியாதபோது எல்லா வகைக்கும் பொருந்தும்படி சேர்த்த வரிசைதான் அந்த 35 சுற்றுகள். எந்த ஒரு வட்டுக்கும் அத்தனையும் தேவைப்பட்டதில்லை. இன்றைய வட்டுகளில் அதைச் செய்வதில் பொருளில்லை என்று குட்மேனே பிற்பாடு எழுதிவிட்டார். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற தரநிர்ணய நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2001-க்குப் பின் தயாரான, 15 ஜிபிக்கு மேற்பட்ட வட்டுகளுக்கு ஒரு முறை மேலெழுதுவதே போதும் என்று கூறியது.

ஒரு சுற்று எழுதுங்கள், அதைச் சரிபாருங்கள். 35 சுற்று ஓடவிட்டுப் பாதியில் பொறுமை இழந்து நிறுத்துவதைவிட ஒரு சுற்றை ஒழுங்காக முடிப்பதே பாதுகாப்பு.

எஸ்எஸ்டிக்கும் அதே முறை பொருந்துமா?

பொருந்தாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இணையத்தில் சுற்றும் அறிவுரைகளில் பாதி, ஹார்ட் டிஸ்க் காலத்தில் எழுதப்பட்டவை.

எஸ்எஸ்டியில் உள்ள நினைவகச் சில்லுகள் குறிப்பிட்ட தடவைகள் எழுதப்பட்டதும் தேய்ந்துவிடும். தேய்மானம் எல்லா இடங்களிலும் சமமாகப் பரவ வேண்டும் என்பதற்காக, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதுகிறது. நீங்கள் ஒரு கோப்பின்மேல் பூஜ்யங்களை எழுதுவதாக நினைக்கும்போது, பூஜ்யங்கள் புதிய இடத்துக்குப் போகின்றன. பழைய தகவல் பழைய இடத்திலேயே சில காலம் இருக்கும். மேலும், எஸ்எஸ்டி தன் பயனுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் கூடுதல் இடம் விண்டோஸ் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011-இல் சில்லுகளைத் தனியே பிரித்துப் படித்துப் பார்த்தபோது, எஸ்எஸ்டியில் தனிக் கோப்பை மேலெழுதி அழிக்கும் முறைகள் எதையும் நம்ப முடியாது என்று கண்டார்கள்.

சரியான வழி, எஸ்எஸ்டியையே தன்னை அழித்துக்கொள்ளச் சொல்வது. அதற்கான கட்டளை அதற்குள்ளேயே இருக்கிறது. எஸ்எஸ்டி கணினியோடு இணையும் முறையைப் பொறுத்து சாட்டா, என்விஎம்இ என்ற வகைகள் உண்டு. சாட்டா வகையில் அந்தக் கட்டளையின் பெயர் செக்யூர் இரேஸ். என்விஎம்இ வகையில் ஃபார்மட், சானிட்டைஸ் என்ற கட்டளைகள் உண்டு. சாம்சங், குரூசியல், கிங்ஸ்டன், வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்ற தயாரிப்பாளர்கள் இதற்கான நிரலை இலவசமாகத் தருகிறார்கள். டெல், ஹெச்பி, லெனோவா ஆகியவற்றின் அலுவலகப் பயன்பாட்டு மாதிரிகள் பலவற்றில் பயாஸ் என்ற, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புக்குள்ளேயே இந்த வசதி இருக்கும். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, பல எஸ்எஸ்டிகளில் சில நொடிகளிலேயே முடிந்துவிடும்.

லினக்ஸ் பென் டிரைவ் வழியாகச் செய்பவர்களுக்கு ஒரு தடை வரும்: சாட்டா எஸ்எஸ்டி 'ஃப்ரோஸன்' நிலையில் இருப்பதாகக் காட்டிக் கட்டளையை ஏற்க மறுக்கும். கணினி தொடங்கும்போது பயாஸ் போடும் பூட்டு அது. மடிக்கணினியைத் தூக்க நிலைக்கு அனுப்பி மீண்டும் எழுப்பினால் பெரும்பாலும் பூட்டு விலகிவிடும். கட்டளை ஓடும்போது மட்டும் மின்சாரம் போகக் கூடாது. தற்காலிகமாக வைத்த பாஸ்வேர்டோடு வட்டு பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

மேலே சொன்ன 2011 ஆய்வில், செக்யூர் இரேஸ் கட்டளையைச் சரிவர நிறைவேற்றாத எஸ்எஸ்டிகளும் சில இருந்தன; ஒன்று, வேலை முடிந்துவிட்டதாகச் சொல்லியும் தகவலை அப்படியே வைத்திருந்தது. அதனால்தான் அடுத்த கேள்வியில் உள்ள முறையையும் சேர்த்துச் செய்யப் பரிந்துரைக்கிறேன்.

பிட்லாக்கர் போட்டிருந்தால் உதவுமா?

மிகவும் உதவும். பிட்லாக்கர் என்பது வட்டில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும், அதாவது குறியாக்கம் செய்யும், விண்டோஸ் வசதி. வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதில் இருப்பது சாவி இல்லாதவருக்கு அர்த்தமற்ற எண்குவியல்தான். சாவியை அழித்துவிட்டால் எஸ்எஸ்டியின் மூலையில் தங்கிவிட்ட பழைய துண்டும் பயனற்றுப் போகும். கணினி வாங்கிய முதல் நாளிலேயே குறியாக்கத்தைப் போட்டு வைப்பவருக்கு விற்கும் நாளில் பாதிக் கவலை இல்லை.

இதுவரை போடாதவர்கள் விற்குமுன்கூடப் போடலாம். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர் உண்டு. ஹோம் பதிப்பில், வன்பொருள் இடம் கொடுத்தால் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் இருக்கும். பிட்லாக்கரைப் போடும்போது 'பயன்பாட்டில் உள்ள இடம் மட்டும்', 'முழு டிரைவும்' என இரண்டு தேர்வுகள் வரும். பயன்படுத்திய கணினியில் முழு டிரைவையும் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு அழித்த கோப்புகள் 'காலி' இடத்தில்தானே இருக்கின்றன. குறியாக்கம் முழுதாக முடிந்த பிறகு, கீழே சொல்லும் ரீசெட்டைச் செய்யுங்கள். பழைய மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

விண்டோஸின் ரீசெட் வசதியே போதுமா?

வீட்டுக் கணினிக்கு, சரியான தேர்வுகளோடு செய்தால் போதும். செட்டிங்ஸில் 'ரெகவரி' பகுதிக்குச் சென்று 'ரீசெட் திஸ் பிசி' என்பதையும், அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். அதோடு 'நெக்ஸ்ட்' அழுத்திப் போய்விடாதீர்கள். 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று சிறிய எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் 'கிளீன் டேட்டா' என்ற விசை தெரியும். அது இயல்பாக அணைந்தே இருக்கும். அதை இயக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ் இருந்தால் எல்லா டிரைவ்களிலும் அழிக்கச் சொல்லும் தேர்வையும் போடுங்கள். இந்த இரண்டு விசைகளைத் தொடாமல் செய்த ரீசெட், பார்வைக்குப் புதுக் கணினிபோலத் தெரிந்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் பழையது மீட்கும் நிலையிலேயே இருக்கும்.

இது வீட்டுப் பயனர்களுக்கானது, அரசு, தொழில்துறைத் தரங்களுக்கு ஈடாகாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. நோயாளி விவரங்களையோ கட்சிக்காரர் ஆவணங்களையோ வைத்திருந்த மருத்துவர், வழக்கறிஞர், ஆடிட்டர் போன்றவர்கள் எஸ்எஸ்டியின் அழிப்புக் கட்டளையையோ முழு மேலெழுதலையோ கட்டாயம் செய்ய வேண்டும்.

மேக் கணினிக்கு?

ஆப்பிள் சில்லு அல்லது டி2 பாதுகாப்புச் சில்லு உள்ள மேக்கில், மேக்ஓஎஸ் மான்டரே முதல் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' என்ற வசதி இருக்கிறது. சேமிப்பகம் ஏற்கெனவே குறியாக்கத்தில் இருப்பதால் அது சாவியை அழித்துவிடுகிறது. அதற்கு முந்தைய இன்டெல் மேக்கில் ஃபைல்வால்ட் என்ற குறியாக்க வசதியை இயக்கி, குறியாக்கம் முடிந்தபின் ரெகவரி நிலையில் வட்டை அழிக்கலாம். எந்த மேக் ஆனாலும் 'ஃபைண்ட் மை' வசதியிலிருந்து வெளியேறுங்கள். இல்லையேல் ஆக்டிவேஷன் லாக் விழுந்து வாங்கியவரால் கணினியைத் திறக்க முடியாமல் போகலாம்.

கணினி ஆன் ஆகவில்லை. உதிரியாக விற்கலாமா?

வட்டைக் கழற்றிவிட்டு விற்கலாம். திரையோ மதர்போர்டோ போனதால் வட்டில் உள்ள தகவல் எங்கும் போய்விடவில்லை. கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் எல்லாம் தெரியும். கழற்றிய வட்டை வெளிக்கூடு ஒன்றில் போட்டு நீங்களே வெளி வட்டாகப் பயன்படுத்தலாம், அல்லது துடைத்துத் தனியாக விற்கலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் சேமிப்பகம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். குறியாக்கம் இல்லாத நிலையில் அத்தகைய இயந்திரம் செத்துப்போனால் அதை விற்காமல் இருப்பதே நல்லது.

வட்டே பழுதாகிவிட்டால் உடைக்க வேண்டியதுதான். ஹார்ட் டிஸ்க்கில் உள்ளிருக்கும் தட்டுகள் ஊடே துளை விழ வேண்டும். சில தட்டுகள் கண்ணாடியாலானவை, சிதறும் என்பதால் கண்ணுக்குக் காப்பு அணியுங்கள். எஸ்எஸ்டியில் ஒவ்வொரு நினைவகச் சில்லும் உடைய வேண்டும். காந்தத்தால் எஸ்எஸ்டியை ஒன்றும் செய்ய முடியாது. மிச்சத்தைக் குப்பையில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

'நாங்களே பார்மட் செய்துகொள்கிறோம், கொடுத்துவிட்டுப் போங்கள்' என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

அவருடைய நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சென்னை ரிச்சி தெருவைப் போன்ற இடங்களில் நாள் முழுவதும் பழைய கணினிகளோடு புழங்குபவருக்கு, அடுத்த ஆளுக்குப் புதிய விண்டோஸ் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. அதற்குக் குவிக் பார்மட் போதும். மூன்று மணி நேரம் ஒரு வட்டைத் துடைக்க அவருக்குக் காரணம் கிடையாது. உங்கள் தகவலுக்கு நீங்கள்தான் பொறுப்பு, கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

முழுதாக அழிந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு சோதனைகள் செய்யலாம். ஒன்று, மேலே சொன்ன ஃபோட்டோரெக்கை வட்டு முழுவதும் ஓடவிடுவது. ஒரு கோப்பும் வரக் கூடாது. மற்றொன்று, வட்டின் பிரிவுகளை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் நிரல் ஒன்றில் திறந்து, தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என்று பல இடங்களுக்குத் தாவிப் பார்ப்பது. பூஜ்யம் எழுதிய வட்டில் திரை முழுவதும் பூஜ்யங்களாகவே இருக்கும். இடையில் ஒரு வார்த்தை தெரிந்தாலும் மறுபடி தொடங்குங்கள். ரீசெட் மட்டும் செய்தவர்களுக்குப் புதிய விண்டோஸின் சொந்தப் படங்கள் மீண்டு வரும். அவை உங்களுடையவை அல்ல என்பதைத் திறந்து பார்த்து உறுதி செய்யலாம். இந்தச் சோதனைகள் எஸ்எஸ்டியின் மறைந்த பகுதிகளை எட்டாது. அங்கே குறியாக்கமே காவல்.

துடைத்தபின் விண்டோஸ் போட்டுத் தர வேண்டுமா?

போட்டுத் தந்தால் விலை படியும். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாகவே செயல்படத் தொடங்கும். நிறுவி முடிந்ததும் நாடு, மொழி கேட்கும் முதல் திரை வரும். அதில் உங்கள் கணக்கையோ வைஃபை பாஸ்வேர்டையோ கொடுக்காமல் அங்கேயே கணினியை அணைத்து, வாங்குபவரிடம் கொடுங்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து அந்தக் கணினியை நீக்கிவிடுங்கள்.